டீசலுக்குத் தாங்குன ஸ்பிரே பாட்டில்

பாளையங்கோட்டைல பைக் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், செயின் கழுவ டீசல் அடிக்க ஸ்பிரே பாட்டில் வாங்கி வாங்கியே அலுத்துப்போச்சு, ரெண்டு மாசத்துல உள்ள இருக்க ரப்பர் வாஷர் ஊதிரும், ட்ரிக்கர அமுக்குனா திரும்பி வராது, டீசல் முழங்கை வரைக்கும் ஒழுவும்.

டவுன் ரதவீதி பக்கம் ஒரு கடை அண்ணாச்சிதான் பாட்டில கவுத்துக் காட்டி, "முக்கோணத்துக்குள்ள 2ன்னு போட்டிருக்கா, இது ஹெச்டிபிஇங்கிற கெட்டி பிளாஸ்டிக், வாஷர் வைட்டான்ங்கிற ரப்பர், எண்ணெய்க்கு ஊதாது"ன்னாரு. 180 ரூவா. எட்டு மாசமாச்சு, இன்னும் பனி மாதிரி அடிக்கி! மனசு நெறஞ்சி சொல்லுதேன், வாங்குங்க.

பெயிண்ட் தின்னர் மட்டும் ஊத்திராதிய, அசிட்டோன் கலந்திருந்தா வைட்டானும் ஊதிரும். வீட்டுக்கு ப்ளீச்சிங் தண்ணிக்குத் தனி பாட்டில் வாங்கி பேரெழுதி ஒட்டிட்டேன், அதுல ஆசிட் பட்டா குளோரின் வாயு கெளம்பிரும்.