ரிஷிகேஷ் 'மௌன முகாம்' விளம்பரம் பார்த்தீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

போன அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரிஷிகேஷ் போய் ஏமாந்து வந்தேன். இத்தனை நாள் எழுதக் கூச்சமாக இருந்தது. பதினெட்டு வருஷம் வங்கியில் வேலை, ஊருக்கெல்லாம் "ஓடிபி சொல்லாதீங்க" என்று பாடம் எடுத்தவன் நான். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா போனை நீட்டி, "இந்த இடம் நல்லாருக்குமா தம்பி?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. கங்கையில் ஒரு முங்கு, பிறகு நாலைந்து நாள் ஏதாவது ஆசிரமத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பத்தமடைக்காரரான சுவாமி சிவானந்தர் 1936-ல் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் அங்கே முனி கி ரேத்தியில்தான் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி வந்தபிறகு போக வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைத் தட்டினேன். இமயமலையில் ஐந்து நாள் மௌன முகாம், கங்கை தெரியும் அறை, ராம் ஜூலா பாலத்திலிருந்து பத்து நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே கங்கை மேலுள்ள லட்சுமண் ஜூலா தொங்குபாலம் தெரிகிற மாதிரி ஒரு படம்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் வார்த்தைக்கு வார்த்தை 'ஜி' போட்டுப் பேசினார். இரண்டு பேருக்கு 24,000, முழுவதும் முன்பணம். ஜிபேயில் நம்பரைப் போட்டால் வந்தது அறக்கட்டளையின் பெயர் இல்லை, யாரோ தனி ஆளின் பெயர். கண்ணால் பார்த்தேன். டிரஸ்டியாக இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அனுப்பினேன். வேறொருவர் என் கவுன்ட்டருக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

பத்து நிமிஷம் என்ற இடத்துக்கு ஜீப் நீலகண்ட் கோயில் சாலையில் முக்கால் மணி நேரம் ஏறியது. வாடகை 1,800. சாலையிலிருந்து கீழே 112 படி. அம்மாவுக்கு முட்டி வலி, படி இருக்குமா என்று முன்பே கேட்டு 'நோ ப்ராப்ளம் ஜி' வாங்கி வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. கங்கை மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

கேட்கலாமென்றால் அதற்குள் மௌனம் ஆரம்பித்துவிட்டது. போன்களைத் துணிப்பையில் போட்டு ஆபீஸில் பூட்டினார்கள். அவர்கள் மட்டும் பேசலாம். அன்று மாலையே சங்கல்ப பூஜைக்கு 5,100, கோசேவைக்கு 2,100, இரண்டும் ரொக்கமாக. "80ஜி ரசீது தருவோம்" என்றார்கள், அதாவது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கேட்க உதவும் ரசீது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கழிவே கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஹோமம் எரிகிறது, அம்மா கைகூப்பி உட்கார்ந்திருக்கிறாள், அங்கே எப்படிச் சட்டம் பேசுவது? கொடுத்தேன். வந்த ரசீதில் பதிவு எண்ணும் இல்லை, பான் எண்ணும் இல்லை. ஓம் மட்டும் பெரிதாக இருந்தது.

சாப்பாடு மூன்று வேளையும் கிச்சடி. நம்மூர் ரவா கிச்சடி இல்லை, அரிசியும் பருப்பும் குழைந்த கஞ்சி. வெந்நீர் பக்கெட் 60 ரூபாய். இதெல்லாம்கூடப் போகட்டும்.

மூன்றாம் நாள் காலை தட்டு கழுவும் இடத்தில் நாக்பூரிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா அம்மாவின் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. அந்தம்மா ஒரு விரலைக் காட்டி, ஈரக்கையால் கல்லில் 6,500 என்று எழுதினார். அம்மா இரண்டு விரலைக் காட்டி, பக்கத்திலேயே 24,000 என்று எழுதினாள். இருவரும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்கள் காய்வதற்குள் அங்கிருந்த சேவகர் வந்து உதட்டில் விரலை வைத்தார்.

"நாங்க எங்கப்பா பேசினோம்? எழுதத்தான செஞ்சோம்" என்றாள் அம்மா, தமிழில், நல்ல சத்தமாக. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பத்து நிமிஷத்தில் யார் யார் எவ்வளவு கட்டினோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரே மாதிரி அறை, ஒரே கஞ்சி. ஒருவர் கட்டியது மற்றவர் கட்டியதோடு ஒத்துப்போகவில்லை. அந்த மௌனம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "தானத்தைத் திரும்பக் கேட்டால் பாவம்" என்றார் மேலாளர். 'ஜி' போன இடம் தெரியவில்லை.

மலையிறங்கி நேராக முனி கி ரேத்தி காவல் நிலையம் போனோம். இது டெஹ்ரி மாவட்டம், உங்கள் இடம் பௌடி, ஆற்றைத் தாண்டி லட்சுமண் ஜூலா தாணாவுக்கு (காவல் நிலையத்துக்கு) போங்கள் என்றார்கள். ரிஷிகேஷ் டவுனோ டேராடூன் மாவட்டம். ஒரே ஊர் மாதிரி தெரிகிற இடத்தில் மூன்று மாவட்டம்! புகார் கொடுக்க வேண்டி வந்தால் எந்தக் கரை என்று முதலில் பாருங்கள். தாணாவில் ஒருவர் போன் போட்டார். சாயங்காலம் 8,000 வந்தது, அதே தனி ஆள் கணக்கிலிருந்து. மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்திருக்கிறேன்.

கேதார்நாத் ஹெலிகாப்டர், தங்கும் விடுதி என்று போலி இணையதளங்கள் உலவுவதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் பிரிவு எச்சரித்தது. அப்படிப் பணம் போனால் உடனே 1930-க்குப் போன் போடலாம். என் விஷயத்தில் இடம் நிஜம், காவியும் நிஜம், நானே இஷ்டப்பட்டு அனுப்பிய பணம். அதனால்தான் பிடிக்கக் கஷ்டம். போவதாக இருந்தால் அறக்கட்டளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு கேளுங்கள், மேப்பில் இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள், பூஜைக்குத் தனியாக எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

அக்கா காட்டிய விளம்பரத்தில் ஆசிரமத்தின் பெயர் வேறு, போன் நம்பர் வேறு. படம் மட்டும் அதே படம்: ஜன்னலுக்கு வெளியே லட்சுமண் ஜூலாவில் ஜனம் நெருக்கியடித்து நடக்கிறது. பாதுகாப்பில்லை என்று அந்தப் பாலத்தை மூடி வருஷக்கணக்காகிறது.