தேதி புதிது, பூச்சி பழையது

லண்டனில் பல்லி, ஓணான் வகைகளை வளர்க்கும் தமிழ் வீடுகள் நான் நினைத்ததைவிட அதிகம் என்று இப்போதுதான் தெரிகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வாசலில் முயல் கூண்டு வைத்திருக்கும் கடை என்றால் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. நடந்ததைச் சொல்கிறேன், அடுத்த முறை உயிருள்ள பூச்சித் தீனி வாங்கும்போது டப்பாவை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், அது போதும்.

எங்கள் வீட்டில் இருப்பது லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி. பெயர் எள்ளு. மஞ்சள் உடம்பில் எள்ளை அள்ளித் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களின் வறண்ட கல்நிலங்களைச் சேர்ந்த இனம். நம் ஊர்ப் பல்லியைப்போலச் சுவரில் ஏறாது, ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் விரலில் இல்லை. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். மகளின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு வாங்கினோம். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "காசு கொடுத்தா பல்லி வாங்கினாய்?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவே இல்லை. அதற்குப் பூச்சியையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

எள்ளு அசையாத எதையும் தொடமாட்டாள். ஆகவே உயிருள்ள தீனி வேண்டும். கடையில் கிரிக்கெட் என்று எழுதியிருப்பது நம் சுவர்க்கோழிதான்; மழை நாளில் இரவு முழுவதும் கொல்லையில் கத்துமே, அதே சாதி. மீல்வார்ம் என்பது மாவுப்புழு, ஒருவகைக் கருவண்டின் குஞ்சு. முதல் சில மாதங்கள் இரண்டையும் தபாலில் வரவழைத்தோம். அக்டோபரில் குளிர் தொடங்கியதும் பாதி செத்தே வந்தன. அப்போதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது. மூன்று டப்பா 8 பவுண்டு. வேலை முடிந்து வரும் வழி. அலமாரிக்கு மேலே பெரிய எழுத்தில், எங்கள் பூச்சிகள் ஊட்டம் ஏற்றப்பட்டவை என்று அட்டை வேறு.

கல்லாவில் இருந்தவர் அன்பாகவே பேசினார். கால்சியம் தூள் எது நல்லது என்று கேட்டேன். தூள் எதற்கு, எல்லாம் பூச்சிக்குள்ளேயே ஏற்றித்தான் வருகிறது, அப்படியே போடுங்கள் என்றார். தூள் விற்கும் கடைக்காரரே தூள் வேண்டாம் என்கிறாரே, எவ்வளவு நேர்மை என்று நினைத்தேன். வீட்டிலிருந்த தூள் டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. இது என் தவறுதான், மறுக்கவில்லை.

நவம்பரில் எள்ளு சுவர்க்கோழிகளை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை வரும். பத்தில் நான்கு செத்துக் கருத்துக் கிடக்கும், மிச்சம் மல்லாந்து காலை ஆட்டும். கேட்டால், குளிர்காலத்தில் அப்படித்தான் என்றார். கூடவே ஒரு வைத்தியமும் சொன்னார்: மெழுகுப்புழு கொடுங்கள், எந்தப் பல்லியும் வேண்டாம் என்று சொல்லாது. உண்மைதான், சொல்லவில்லை. தேன்கூட்டு மெழுகைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு அது. வெள்ளையாகக் கொழுகொழுவென்று, முழுக்கக் கொழுப்பு. தினமும் ஜாங்கிரி கொடுத்துவிட்டு, பிள்ளை கீரை தின்னவில்லையே என்று கவலைப்படுவது போலத்தான் நான் நடந்துகொண்டேன். இரண்டே வாரத்தில் எள்ளு வேறு எதையும் தொட மறுத்தாள். மெழுகுப்புழு டப்பா 4 பவுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொன்னார் அவர். மாவுப்புழுவின் தலையை நசுக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். என் மகள் இரண்டு நாள் தூங்கவில்லை. கட்டுக்கதை. பல்லி மென்றுதான் விழுங்கும், உள்ளே போன புழு வயிற்று அமிலத்தில் பிழைத்திருக்காது. தெரிய வேண்டியது எதுவும் தெரியாத மனிதருக்கு இந்தக் கதை மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஜனவரியில் ஒரு மாலை எள்ளு நடக்கும்போது பின்னங்கால் விரல்கள் நடுங்குவதை மகள் பார்த்தாள். வாலும் மெலிந்திருந்தது. இந்த இனத்துக்கு வால்தான் சேமிப்புக் கிடங்கு. கொழுப்பு அங்கேதான் இருக்கும். கொழுப்புப் புழு தின்றும் ஏன் மெலிந்தாள் என்றால், கடைசி இரண்டு வாரம் தாடை வலித்து அதையும் சரியாகக் கடிக்க முடியவில்லை. அது எங்களுக்குப் புரிய மருத்துவர் வேண்டியிருந்தது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்துப் போனோம். அக்டோபரில் 58 கிராம் இருந்தவள் 44 கிராம். மருத்துவர் கீழ்த்தாடையை விரல் நுனியால் மெல்லத் தொட்டார், ரப்பர்போல வளைந்தது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்புகள் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தன.

அவர் விளக்கியது இவ்வளவுதான். சுவர்க்கோழி, மாவுப்புழு இரண்டிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போலப் பல மடங்கு. பல்லிக்கு வேண்டியதோ நேர்மாறாக, பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகம். தீனியில் கிடைக்காததை உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே பூச்சிக்குத் தூள் பூச வேண்டும், வைட்டமின் டி3 வேண்டும், பூச்சியும் ஒரு நாளாவது நன்றாகத் தின்றிருக்க வேண்டும். ஊட்டம் ஏற்றுவது என்பது பூச்சியின் வயிற்றில் இருக்கும் சாப்பாடு. பண்ணையில் எதைக் கொடுத்திருந்தாலும், கடை அலமாரியில் பட்டினி கிடந்தால் அது ஓரிரு நாளில் வெளியே போய்விடும். காலி வயிற்றோடு இருக்கும் பூச்சி வெறும் ஓடும் காலும் என்றார். ஊட்டம் ஏற்றப்பட்டவை என்று அட்டையில் எழுதி மாட்டும் அளவுக்கு அந்தக் கடைப் பூச்சிகளுக்குள் எதுவுமே இல்லை. அன்றைய செலவு 214 பவுண்டு.

இதுவரை நடந்ததை அறியாமை என்று விட்டிருப்பேன். அந்த வார இறுதியில்தான் இது வேறு என்று தெரிந்தது.

மகளுக்கு டப்பாக்களின் ஸ்டிக்கரை நீரில் ஊறவைத்து உரித்து, பென்சில் போட்டு வைக்கும் பழக்கம் உண்டு. தேதி ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தவள், "அம்மா, இதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது" என்றாள். மேலே இருந்தது ஜனவரி 9. கீழே, ஓரம் கொஞ்சம் கிழிந்து, அதே அளவில், அதே மை: டிசம்பர் 21. மறுசுழற்சித் தொட்டியைக் கவிழ்த்தோம். ஏழு டப்பா கிடைத்தது. நான்கில் இரண்டு ஸ்டிக்கர், ஒன்றில் மூன்று. சிறகு முளைத்த சுவர்க்கோழியின் ஆயுள் சில வாரங்கள்தான். டிசம்பர் 21இல் வளர்ந்து முடித்திருந்த பூச்சியை ஜனவரி 9இல் புதிதென்று வாங்கி, என் பல்லிக்குப் பசியில்லை என்று நான் வருந்தியிருக்கிறேன்.

சனிக்கிழமை டப்பாக்களோடு கடைக்குப் போனேன். கல்லாவில் கூட்டம், ஓரமாக நின்றேன். கடையில் வேலைசெய்யும் பையன் ஒருவன் பின்பக்கம் பாம்பு, ஓணான் தொட்டிகளுக்கு அடியில் சிறு துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தான். தப்பி ஓடிய சுவர்க்கோழிகள் தூசியோடும் மரத்தூளோடும் முறத்தில் குதித்தன. குப்பையில் கொட்டுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்து கொஞ்சம் காலியான ஒரு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, முறத்தைச் சாய்த்து உள்ளே தட்டினான். மூடினான். வரிசையில் திருப்பி வைத்தான். அவன் முகத்தில் எந்தத் தயக்கமும் இல்லை, அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கை சில்லிட்டுப்போனது. முந்தைய நாள்தான் மருத்துவர் எள்ளுவின் மலத்தைப் பரிசோதித்து, கிரிப்டோஸ்போரிடியம் இல்லை என்று சொல்லியிருந்தார். அந்த ஒட்டுண்ணி இந்தப் பல்லிகளின் குடலில் புகுந்தால் வால் குச்சியாகிவிடும், உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, வழக்கமான கிருமிநாசினிகளுக்கும் சாகாது. ஒரு பிராணியின் மலத்திலிருந்து இன்னொன்றின் வாய்க்குப் போவதுதான் அதன் வழி. இன்னொரு பல்லியின் தொட்டிக்குள் திரிந்து மலத்தை மிதித்து வரும் பூச்சி அந்த வேலையைச் செய்ய முடியும். எங்களுக்கு வரவில்லை, அதிர்ஷ்டம்.

உரிமையாளர் சொன்ன பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், மேல் ஸ்டிக்கர் எங்கள் கணக்குக்காக ஒட்டுவது என்றார். பிறகு, பண்ணையிலேயே அப்படித்தான் வருகிறது என்றார். பையன் பெருக்கியதைச் சொன்னதும், அவன் புதியவன் என்றார். கடைசியில் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்: உயிருள்ளவற்றைத் திரும்பப் பெறுவதில்லை. நீண்ட பேச்சுக்குப் பின் ஒரே ஒரு டப்பாவின் விலையை, 2 பவுண்டு 75 பென்ஸ், சில்லறையாக எண்ணி வைத்தார்.

அந்தப் பலகையைக் கண்டு யாரும் திரும்பிவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விற்கும் பொருள் திருப்தியான தரத்தில், சொன்ன விவரப்படி இருக்க வேண்டும். கடைக்காரர் பலகை மாட்டி அதை ரத்துசெய்ய முடியாது. சீக்கிரம் கெடும் பொருள் என்பதால் உடனே போய்க் கேட்க வேண்டும், பில்லோ, வாங்கியதற்கான வேறு ஆதாரமோ வேண்டும். நான் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். அவர்கள் அதை, கடைகளின் வியாபார முறையைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவார்கள். கடைக்கு உரிமம் கொடுக்கும் கவுன்சிலுக்கும் படங்களோடு எழுதினேன். ஒரு வேடிக்கை: 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் முதுகெலும்பு உள்ள பிராணிகளுக்குத்தான். சட்டத்தின் கண்ணில் சுவர்க்கோழி விலங்கே இல்லை. டப்பாவுக்குள் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்தச் சட்டத்தில் ஆள் இல்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நான் வாங்கும் முறை இது. தேதியைக் கடைசியில்தான் பார்ப்பேன், அதையும் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பேன். முதலில் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து லேசாகத் தட்டுவேன். நல்ல சுவர்க்கோழி உடனே சிதறி ஓடும். மந்தமாக நகர்வதும் மல்லாந்து உதைப்பதும் வேண்டாம். ஐரோப்பியச் சுவர்க்கோழிப் பண்ணைகளை வாரிக்கொண்டுபோன வைரஸ் ஒன்று இருக்கிறது. அது பல்லியைத் தாக்காது, ஆனால் அது பிடித்த பூச்சிகள் இப்படித்தான் செயலிழந்து கிடக்கும். சத்தம் போடுபவை வேண்டாம்: சிறகு முளைத்துப் பாடுகிறது என்றால் அதற்கு வயதாகிவிட்டது. உள்ளே பூச்சிகள் ஒளிந்துகொள்ள வைத்திருக்கும் முட்டைத் தட்டு அட்டை காய்ந்திருக்க வேண்டும். ஈரமாகிக் கறுத்திருந்தால், மூடி வியர்த்திருந்தால், வைத்துவிடுவேன். திறந்து முகர்ந்து பார்க்க விடாத கடையில் வாங்குவதில்லை. பூச்சியின் அளவு, பல்லியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது.

மாவுப்புழு தேன் நிறத்தில், தொட்டால் நெளிய வேண்டும். கருத்துத் துவண்டவை செத்தவை. தவிட்டின் மேல் மாவு போன்ற தூசி தானாக நகர்வது தெரிந்தால் அது மைட் எனப்படும் சிற்றுண்ணி. அலமாரி முழுவதும் இருக்கும். வெட்டுக்கிளி கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் சத்தமும் நாற்றமும் குறைவு, எள்ளுவுக்கு மிகவும் பிடிக்கும். கருப்புச் சிப்பாய் ஈயின் புழு மட்டும் இயல்பிலேயே கால்சியம் நிறைந்தது. வாரம் ஒருமுறை கொடுக்கிறேன்.

வாங்கி வந்ததும் பழைய டப்பா வேண்டாம். வேறு பெட்டியில் புதிய முட்டை அட்டை போட்டு, கேரட், கீரை கொடுத்து ஒரு முழு நாள் வைக்கிறோம். அதன் பிறகு தூள் போட்டுக் குலுக்கி உடனே கொடுக்க வேண்டும். விட்டால் சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே துடைத்துத் தூளை உதிர்த்துவிடும். தின்னாமல் விட்டதை இரவில் பொறுக்கி எடுத்துவிடுகிறோம், பசித்தால் அது தூங்கும் பல்லியைக் கடிக்கும். தோட்டத்தில் பிடித்துக் கொடுத்தால் என்ன என்று என் கணவர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எதைத் தெளிக்கிறார் என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். போகவில்லை.

எள்ளு இப்போது 52 கிராம். தாடை கெட்டிப்பட்டுவிட்டது, லேசான கோணல் மட்டும் நிற்கும் என்று மருத்துவர் சொல்கிறார். மெழுகுப்புழு டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மாதத்துக்கு ஒரு புழு, அதற்கு மேல் இல்லை. போன வாரம் கடையைக் கடந்து வந்தேன். மூன்று டப்பா 8 பவுண்டு அட்டை அப்படியே தொங்குகிறது.