ஆர்டர் அட்வான்ஸை எங்கே நிறுத்துவது? டாலி, இஆர்பிநெக்ஸ்ட், ஓடூ, பிசினஸ் சென்ட்ரல், ஸோஹோ: ஒரு கணக்காளரின் ஒப்பீடு

கோவையில் இயந்திரம் செய்து விற்கும் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதிவந்தேன். ஒரு வாடிக்கையாளர் 11,80,000 ரூபாய்க்கு, அதாவது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து, ஒரு மெஷின் ஆர்டர் கொடுத்தார். முப்பது சதவீதம் அட்வான்ஸாக 3,54,000 ரூபாய் வங்கியில் வந்து விழுந்தது. அதே பார்ட்டி இடையில் உதிரிபாகங்களும் 3,40,000 ரூபாய்க்கு வாங்கினார். அதற்கு 45 நாள் கடன் என்று பேச்சு.

அட்வான்ஸ் வந்த அன்று நான் ஊரில் இல்லை. ரசீதைப் போட்ட தம்பி அதை எந்த ஆர்டருக்கு என்று குறிக்காமல் பொதுவாக வரவு வைத்துவிட்டார். உதிரிபாக பில் முதலில் வந்ததால் பணம் அதில் கழிந்து, மிச்சம் 14,000 நின்றது. மெஷின் பில்லோடு போன ஸ்டேட்மென்டில் 11,66,000 பாக்கி என்றிருந்தது. "அண்ணே, மெஷினுக்குத்தானே பணம் போட்டேன்? நான் தர வேண்டியது 8,26,000. ஸ்பேர்ஸுக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார் வாடிக்கையாளர். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கேட்லாக்கில் உள்ள ஆயிரம் வசதிகளை விட்டுவிட்டு, கணக்கு மென்பொருளை நான் இப்போது ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: அட்வான்ஸ் பார்ட்டியின் பெயரில் நிற்கிறதா, ஆர்டரின் பெயரில் நிற்கிறதா?

ஒப்பிடும் முன் வரியைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் தேர்வைத் தீர்மானிப்பதே அதுதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சரக்கு அட்வான்ஸுக்கும் வரி இருந்தது. 2017 நவம்பர் 15 அன்று வந்த 66/2017 அறிவிக்கை அதை நீக்கியது. காம்பொசிஷன் திட்டத்தில், அதாவது சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டத்தில், இல்லாதவர்கள் சரக்குக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, பில் போடும்போது வரி கட்டினால் போதும். சேவைக்கு இந்தச் சலுகை கிடையாது, பணம் வந்த மாதமே வரி. ஆகவே மெஷின் விற்பவருக்குச் சரியான வழி, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) விற்பவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

டாலி பிரைமில் சேல்ஸ் ஆர்டர் வவுச்சர் எந்த லெட்ஜரையும் தொடாது. பணம் வந்தால் எஃப்6 ரசீது போட்டு பார்ட்டியை கிரெடிட் செய்கிறோம். அங்கே பில்வாரி விவரம் கேட்கும் சின்னத் திரை ஒன்று வரும். நியூ ரெஃப் (புதுக் கணக்கு எண்), அகெய்ன்ஸ்ட் ரெஃப் (ஏற்கெனவே உள்ள எண்ணில் கழிப்பது), அட்வான்ஸ், ஆன் அக்கவுண்ட் (எதற்கென்று குறிக்காத பொது வரவு) என்று நான்கு வகை. அவசரத்தில் ஆன் அக்கவுண்ட் கொடுத்தால் மேலே சொன்ன கதைதான். அட்வான்ஸ் என்பதைத் தேர்ந்து, பெயர் கேட்கும் இடத்தில் ஆர்டர் எண்ணையே, உதாரணமாக எஸ்ஓ-118 என்று, அடிக்க வேண்டும். பின்னால் விற்பனை பில்லில் அகெய்ன்ஸ்ட் ரெஃப் கொடுத்தால் அதே எண் பட்டியலில் வரும். அதைக் கழித்து மீதியை நியூ ரெஃப் ஆக்கினால் 8,26,000 பாக்கி என்று சுத்தமாக நிற்கும். பல வருடம் இப்படித்தான் ஓட்டினேன், தவறியதில்லை. ஆனால் அந்த எண் அங்கே வெறும் எழுத்து. ஆர்டருக்கும் ரசீதுக்கும் உள்ளே முடிச்சு கிடையாது. நிலுவை ஆர்டர் பட்டியலைப் பார்க்கும் டிஸ்பாட்ச் ஆளுக்கு அட்வான்ஸ் வந்ததா இல்லையா என்று தெரியாது, கணக்குப் பிரிவுக்கு ஃபோன் போட்டுத்தான் கேட்பார்.

இஆர்பிநெக்ஸ்ட் அந்த முடிச்சைப் போட்டுத் தருகிறது. சேல்ஸ் ஆர்டர் பக்கத்திலிருந்தே பேமென்ட் என்ட்ரி உருவாக்கலாம். ஆர்டர் எண் அதிலேயே ஏறிவிடும், ஆர்டரில் அட்வான்ஸ் பெய்ட் என்ற இடத்தில் 3,54,000 தெரியும். விற்பனையாளர், ஸ்டோர்ஸ், கணக்கர் மூவரும் பார்ப்பது ஒரே எண். பில் போடும்போது வந்த அட்வான்ஸ்களை இழுத்துக் காட்டும், எவ்வளவு கழிப்பது என்று நாம் எழுதலாம். கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். பழைய வரவை முதலில் கழிக்கும் தானியங்கி வசதி ஒன்று இருக்கிறது. எந்த ஆர்டரையும் குறிக்காத அட்வான்ஸ்களும் அந்த வரிசையில் வந்து நிற்கும் என்பதால், அதை நான் அணைத்தே வைக்கிறேன். ஒரு பில்லுக்கு அரை நிமிடம் கூடும், பரவாயில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இது பிடிக்கும். அட்வான்ஸைத் தனிப் பொறுப்புக் கணக்கில் வைக்கும்படி கம்பெனி அமைப்பில் சொல்லிவிடலாம். சாதாரணமாக அது டெட்டர்ஸ் (நமக்குப் பணம் தர வேண்டியவர்கள்) கணக்கிலேயே கிரெடிட்டாக விழும். மார்ச் 31 அன்று ஒரு பார்ட்டி 10 லட்சம் தர வேண்டும், இன்னொருவரின் 4 லட்சம் அட்வான்ஸ் நம்மிடம் இருக்கிறது என்றால், மொத்தம் 6 லட்சம் வரவேண்டியது என்று இருப்புநிலைக் குறிப்பில் காட்டக்கூடாது. ஒன்று சொத்து, மற்றது கடன். டாலியில் ஆண்டிறுதியில் கிரெடிட் இருப்பு உள்ள பார்ட்டிகளைக் கையால் பொறுக்கிப் பிரித்து ஆடிட்டரிடம் கொடுப்போம். தனிக் கணக்கில் இருந்தால் அந்த வேலையே இல்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கூடுதல் காரணமும் உண்டு. சரக்குக்கோ சேவைக்கோ வாங்கிய அட்வான்ஸ் 365 நாளுக்குள் கழியாவிட்டால், கம்பெனிச் சட்டத்தின் டெபாசிட் விதிகளின்படி அது டெபாசிட்டாகவே கருதப்படலாம். எந்த அட்வான்ஸ் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று தனியாகப் பார்க்க முடிவது இங்கே பெரிய உதவி.

ஓடூவும் மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரலும் வேறு ஜாதி. இவை அட்வான்ஸுக்கே முதலில் ஒரு பில் போடச் சொல்கின்றன. ஓடூவில் ஆர்டரிலிருந்து இன்வாய்ஸ் போடும்போது டவுன் பேமென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்கும். முப்பது என்றால் வரியோடு 3,54,000க்கு ஒரு இன்வாய்ஸ் வரும், இறுதி பில்லில் அது கழிக்கும் தொகையாக ஏறும். பிசினஸ் சென்ட்ரலில் ஆர்டரிலேயே ப்ரீபேமென்ட் சதவீதம் உண்டு, அதற்கான இன்வாய்ஸையும் அங்கிருந்தே போஸ்ட் செய்யலாம். ஓடூ பெல்ஜியத்தில் பிறந்தது, பிசினஸ் சென்ட்ரலின் மூலமான நேவிஷன் டென்மார்க்கில் பிறந்தது. ஐரோப்பிய வாட் (மதிப்புக்கூட்டு வரி) சட்டத்தில் பொதுவாக அட்வான்ஸ் வந்ததுமே, வந்த தொகைக்கு வரி விழும். அந்த ஊர் நடைமுறைக்கு இந்த அமைப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது.

நம் ஊரில் சரக்கு விற்பவர் அதை அப்படியே எடுத்தால் கையைச் சுடும். 3,54,000க்கு வரி இன்வாய்ஸ் போட்டால் 54,000 ரூபாயை அந்த மாதமே கட்ட வேண்டிவரும், சட்டம் கேட்காதபோதே. வாங்குபவருக்கும் லாபமில்லை, சரக்கு கைக்கு வரும்வரை அவர் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. இதோடு, ஓடூவில் கணக்கை மாற்றி வைக்காவிட்டால் டவுன் பேமென்ட் வருமானக் கணக்கிலேயே போய் உட்காரும். ஒரு போல்ட்கூட அனுப்பாத ஆர்டருக்கு விற்பனை ஏறியிருக்கும். ஓடூதான் வேண்டும் என்பவர்கள் ப்ரொஃபார்மா (கணக்கில் ஏறாத மாதிரி பில்) மட்டும் அனுப்பி, பணத்தை வாடிக்கையாளர் பேமென்டாகப் பதியலாம். பின்னால் இன்வாய்ஸ் போஸ்ட் செய்ததும் அது நிலுவை வரவாகக் கீழே தெரியும், ஒரு சொடுக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்தால் அட்வான்ஸ் மறுபடி பார்ட்டி பெயருக்குப் போய்விடுகிறது.

பிசினஸ் சென்ட்ரலில் ஒன்றை மனதாரப் பாராட்ட வேண்டும். சோதனையை அமைப்பில் போட்டு வைத்தால், ப்ரீபேமென்ட் கட்டப்படாத ஆர்டரை அனுப்பவும் விடாது, பில் போடவும் விடாது. "பணம் வந்துடுச்சுன்னு நினைச்சு லாரி ஏத்திட்டோம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மற்ற நான்கிலும் அந்தப் பூட்டு இப்படிக் கையோடு வருவதில்லை.

ஸோஹோ புக்ஸை நான் சேவைக்காரர்களுக்குச் சொல்கிறேன். ஒரு லட்ச ரூபாய் ஏஎம்சி, வரியோடு 1,18,000. பாதி அட்வான்ஸாக 59,000 வருகிறது. அதற்குள்ளே 9,000 ரூபாய் வரி ஒளிந்திருக்கிறது, பலர் 59,000க்கு மேல் 18 சதவீதம் போட்டுத் தப்பு செய்வார்கள். பில் அதே மாதம் போகாவிட்டால் இதை ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்தின் 11ஏ அட்டவணையில் காட்டி, பில் போட்ட மாதம் 11பியில் கழிக்க வேண்டும். ஸோஹோவில் வாடிக்கையாளர் அட்வான்ஸ் என்று தனியாகவே பதிய இடமுண்டு, வரியும் அதிலேயே குறிக்கலாம். ரிடெய்னர் இன்வாய்ஸ், அதாவது அட்வான்ஸுக்கான பில், மூலம் வாங்கினால் பணம் இன்னும் ஈட்டாத வருமானம் என்ற பொறுப்புக் கணக்கில் நிற்கும். டாலியிலும் ரசீதில் ஜிஎஸ்டி விவரம் கொடுக்கலாம், ஆனால் கொடுக்க மறந்தாலும் ரசீது பதிவாகிவிடும். ஆர்டர் ரத்தானால் சேவைக்கு ரீஃபண்ட் வவுச்சர் கொடுத்துத் திருப்ப வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரக்கு விற்கும் பட்டறைக்கு என் முதல் தேர்வு இஆர்பிநெக்ஸ்ட். மாற மனமில்லை என்றால் டாலியிலேயே இருங்கள், ஆன் அக்கவுண்ட் மட்டும் கூடாது என்று எழுதி கம்ப்யூட்டர் மேல் ஒட்டிவிடுங்கள். எதை வாங்கும் முன்னும் டெமோ காட்ட வருபவரிடம் ஒரே வேலையைக் கொடுங்கள். ஒரு பார்ட்டி, இரண்டு ஆர்டர், முதல் ஆர்டருக்கு 3,54,000 அட்வான்ஸ். இரண்டாவது ஆர்டரின் பில்லை முதலில் போடச் சொல்லிவிட்டு, ஸ்டேட்மென்டை எடுக்கச் சொல்லுங்கள்.