20 மைல் பலகைகள், 19 மைல்: டிரக்கின் கணினியை ‘ட்யூன்’ செய்யக் கொடுக்கவிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டிப் பகுதியில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2012 ஆம் ஆண்டின் செவ்ரொலே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 என்ஜினும் 6 வேகத் தானியங்கி கியர்பெட்டியும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் கற்பாதைகளுக்குக் குடும்பத்துடன் போய்வர வேண்டும் என்பதற்காகச் சென்ற ஆண்டு அதில் மூன்று மாற்றங்கள் செய்தேன்: பெரிய டயர், முன்னும் பின்னும் புதிய கிரௌன் பினியன் (கியர்பெட்டியின் சுழற்சியை அச்சில் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கர இணை), புதிய எக்ஸாஸ்ட். டயர் வேலையிலும் பினியன் வேலையிலும் எனக்குக் குறையில்லை. அவற்றைச் செய்தவர்கள் வேறு. எக்ஸாஸ்டை மாற்றி, கடைசியில் கணினியையும் ‘உங்கள் வண்டிக்கென்றே’ திருத்தித் தருவதாகச் சொன்ன கடையில்தான் 650 டாலரை இழந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால், எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அது உங்களுக்கு உதவும்.

முதலில், கணினியைத் திருத்த வேண்டியிருப்பது ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த டிரக்கின் வேகமானி சக்கரத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்வதில்லை. கியர்பெட்டியிலிருந்து வெளியேறும் தண்டின் சுற்றுகளை எண்ணி, கிரௌன் பினியன் விகிதத்தால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கித்தான் கணினி வேகத்தைக் கண்டுகொள்கிறது. ஆகவே டயரோ பினியனோ மாறினால், அந்த மாற்றத்தை யாராவது கணினியிடம் சொல்லியாக வேண்டும். என் வண்டியில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது 265/70 ஆர்17 டயர், விட்டம் 31.6 அங்குலம். புதியது 315/70 ஆர்17, விட்டம் 34.4 அங்குலம். பினியன் விகிதம் 3.42 இலிருந்து 4.10 ஆனது. டயர் பெரிதானதால் வேகமானி குறைத்துக் காட்டும். பினியன் மாறியதால் கூட்டிக் காட்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் பத்து விழுக்காடு கூடுதலாகக் காட்ட வேண்டும். ட்யூன் செய்யுமுன் ஓட்டிய மூன்று நாட்களிலும் ஜிபிஎஸ் 60 மைல் என்று சொல்லும்போது வேகமானி 66 ஐக் காட்டியது. கணக்கு சரியாகவே இருந்தது.

வேகமானி மட்டுமல்ல, எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாறுவது, என்ஜினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை எப்போது பூட்டுவது ஆகிய எல்லாமே இந்த ஒரே கணக்கைச் சார்ந்திருக்கின்றன. எக்ஸாஸ்டைப் பொறுத்தவரை நான் போட்டது ஷார்ட்டி ஹெடரும் (என்ஜினிலிருந்து புகையை வாங்கிச் செல்லும் குட்டைக் குழாய்த் தொகுப்பு), புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாயும் மட்டுமே. அந்தக் கன்வெர்ட்டர்கள் இரண்டும் தொழிற்சாலையில் பொருத்திய இடத்திலேயே இருந்தன. அவற்றைத் தொடக் கூடாது என்று கடைக்காரரிடம் வாயாலும் சொன்னேன். மதிப்பீட்டுத் தாளிலும் எழுதச் செய்தேன். அந்த ஒரு வரி பின்னால் எனக்குப் பெரிதும் கை கொடுத்தது.

வண்டியை ஒரு வியாழக்கிழமை விட்டேன், சனிக்கிழமை எடுத்தேன். ரொக்கமாகத் தந்தால் ஐம்பது டாலர் குறைப்பதாகச் சொன்னதால் ரொக்கமாகவே தந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இந்தக் கதையில் வேறு இல்லை. கடன் அட்டையில் தந்திருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம். ரொக்கத்துக்கு அந்த வழி கிடையாது. வண்டியை உருளைகளின் மேல் ஓட்டித் திறனை அளக்கும் டைனோ என்ற கருவியின் வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்து, சக்கரத்தில் 38 குதிரைத்திறன் கூடியிருக்கிறது என்றார் கடைக்காரர். ஷார்ட்டி ஹெடருக்கும் ஒரு பின்குழாய்க்கும் அது நம்பத்தகுந்த எண்ணிக்கையல்ல என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தத் தாளை மடித்துக் கையுறைப் பெட்டியில் பத்திரப்படுத்திக்கொண்டு மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தேன்.

முதல் வாரத்தில் மூன்று விஷயங்கள் உறுத்தின. காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பினால் வலப்புறத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து, ஐந்து நிமிடத்தில் அடங்கியது. நெடுஞ்சாலையில் 70 மைலில் நிலைவேகத்தில் வைத்தால், சிறு மேம்பாலம் ஏறும்போதுகூடக் கியர்பெட்டி ஆறுக்கும் ஐந்துக்கும் இடையே மாறி மாறித் தடுமாறியது. வேகமானி 70 ஐக் காட்டும்போது ஜிபிஎஸ் 73 அல்லது 74 என்றது. கடைக்குத் தொலைபேசினேன். சத்தம் என்ஜினுக்குள் வால்வை இயக்கும் லிஃப்டரிலிருந்து வருகிறது என்றும், 5.3 என்ஜின்கள் எல்லாவற்றிலும் அது உண்டு என்றும், கியர்பெட்டி புதிய ஓட்டத்தைக் ‘கற்றுக்கொள்ள’ 500 மைல் ஆகும் என்றும், தொலைபேசியின் ஜிபிஎஸ் எப்போதும் பிந்தித்தான் காட்டும் என்றும் பதில் வந்தது. மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை கலந்திருந்தது. பாதி சிலிண்டர்களை நிறுத்தி எரிபொருள் சேமிக்கும் இந்த என்ஜினில் லிஃப்டர் பழுது ஊரறிந்த விஷயம். தானியங்கி கியர்பெட்டி ஓரளவு கற்றுக்கொள்ளவும் செய்யும். அதனால் நம்பிவிட்டேன்.

ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாமென்றால் சாலையையே நம்பலாம் என்று அடுத்த ஞாயிறு தோன்றியது. கேட்டியிலிருந்து மேற்கே சீலியை நோக்கிப் போகும் ஐ-10 நெடுஞ்சாலையில் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சிறு பச்சைப் பலகை நட்டிருக்கிறார்கள். ஒரு பலகையைக் கடக்கும்போது பயணமானியைப் பூஜ்யமாக்கி, சரியாக இருபதாவது பலகையைக் கடக்கும்போது பார்த்தேன். 19.0 என்று இருந்தது. திரும்பி வரும்போதும் அப்படியே செய்தேன், அதே 19.0. தொலைபேசி பிந்தலாம், நட்டுவைத்த பலகை பிந்தாது.

அதற்கு அடுத்த மாதம் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. டெக்சஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையை நீக்கிவிட்டார்கள். ஆனால் ஃபோர்ட் பெண்ட் உள்ளிட்ட 17 கவுண்டிகளில் புகைச் சோதனை தொடர்கிறது. புகை என்றுதான் பெயர். உண்மையில் சோதனையாளர் வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓபிடி துளையில் கம்பியைச் செருகி, கணினி தன்னைத்தானே சோதித்து முடித்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். 2001 அல்லது அதற்குப் பிந்தைய வண்டியில் ஒரே ஒரு சுயசோதனை மட்டும் முடியாமல் இருக்கலாம். என் வண்டியில் இரண்டு முடிந்திருக்கவில்லை: கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும். சில நாள் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். 300 மைல் ஓட்டிவிட்டுப் போனேன். அதே இரண்டும் அப்படியே நின்றன. செக் என்ஜின் விளக்கோ ஒருமுறைகூட எரியவில்லை. இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஏனென்றால் சோதனை முடியவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது. தடுப்பது பழுதாக இருந்தால் விளக்கு எரிந்திருக்க வேண்டும்.

சுத்திகரிப்பு ஆலையொன்றில் கருவிப் பிரிவில் பணியாற்றும் நண்பர் ஒருவர் சொந்தமாக ஸ்கேனர் வைத்திருக்கிறார். அவர் வந்து செருகிப் பார்த்ததும் முதலில் காட்டியது எரிபொருள் திருத்த எண்கள், அதாவது கணினி வழக்கத்தைவிட எவ்வளவு எரிபொருளைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது. என்ஜினின் இடப்பக்க சிலிண்டர் வரிசை 3 விழுக்காட்டுக்குள் அமைதியாக இருந்தது. வலப்பக்க வரிசையோ, என்ஜின் சும்மா நின்று ஓடும்போது 22 விழுக்காடு கூடுதல் எரிபொருள் கேட்டது. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் அது 6 ஆகக் குறைந்தது. “அண்ணே, இது லிஃப்டர் இல்ல, ஹெடர் கேஸ்கெட் ஊதுது” என்றார். ஹெடரும் என்ஜினும் சேரும் இடத்தைக் கசியாமல் அடைக்கும் தகடுதான் அந்தக் கேஸ்கெட். கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஆக்சிஜன் சென்சாரைத் தொட்டால், எரிபொருள் போதவில்லை என்று கணினி தவறாக எண்ணி மேலும் ஊற்றும். சுற்று கூடும்போது எக்ஸாஸ்டின் அழுத்தம் கூடுவதால் அந்த ஏமாற்று குறையும். உலோகம் சூடாகி விரிந்ததும் கசிவு சற்று மூடிக்கொள்வதால்தான் டிக் டிக் சத்தம் ஐந்து நிமிடத்தில் அடங்கியிருக்கிறது. விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தால், கடைசி சிலிண்டரின் அருகே கேஸ்கெட் விளிம்பிலிருந்து விரல் நீளத்துக்குக் கரி படிந்திருந்தது. இரண்டு போல்ட்டுகள் கையாலேயே சுழன்றன. பொருத்தியவர்களும் அதே கடைக்காரர்கள்தான்.

பிறகு நகரின் மறுகோடியில் இன்னொரு ட்யூனரிடம் போனோம். அவர் வண்டியின் கணினியில் இருந்த கோப்பை எச்பி ட்யூனர்ஸ் மென்பொருளால் வெளியே எடுத்து, அதே மாதிரி வண்டியின் தொழிற்சாலைக் கோப்புடன் அருகருகே வைத்துக் காட்டினார். நான் பணம் கொடுத்து வாங்கியது எதை என்பது அந்தத் திரையில் அப்பட்டமாகத் தெரிந்தது. பினியன் 4.10 என்று சரியாக இருந்தது. டயரோ 32.7 அங்குலம் என்று இருந்தது. அது 285/70 ஆர்17 டயரின் அளவு, என்னுடையதல்ல. 34.4 ஐ 32.7 ஆல் வகுத்தால் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதல். இருபது பலகைக்கு ஒரு பலகை காணாமல் போன கணக்கு அங்கேயே முடிந்தது. கன்வெர்ட்டர்களின் வேலையைக் கண்காணிக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சார்கள் இரண்டும் அணைக்கப்பட்டிருந்தன. கன்வெர்ட்டர் பழுதைச் சொல்லும் பி0420, பி0430 ஆகிய குறியீடுகளும், எரிபொருள் போதாமையைச் சொல்லும் பி0171, பி0174 ஆகியவையும் ‘பிழை தெரிவிக்காதே’ என்று மாற்றப்பட்டிருந்தன. என் வண்டியில் கன்வெர்ட்டர்கள் இருந்தன, பின்பக்க சென்சார்கள் செருகப்பட்டே இருந்தன. அவற்றை அணைக்க எந்தக் காரணமும் இல்லை. 33 அங்குல டயரும் 4.10 பினியனும் போட்டு, கன்வெர்ட்டர்களை வெட்டி எறிந்த வேறு யாரோ ஒருவரின் டிரக்குக்காக எழுதிய கோப்பை அப்படியே என் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். கியர்பெட்டியின் கணினியில் கியர் மாறும் அட்டவணையை யாரும் தொடவே இல்லை. அது இன்னும் பழைய டயரையும் பழைய பினியனையும் நினைத்துக்கொண்டுதான் மேம்பாலத்தில் தடுமாறியது.

இதில் என்னை மிகவும் சினங்கொள்ள வைத்தது டயர் அளவல்ல. பி0174 என்பது வலப்பக்கக் கசிவு வளர்ந்தால் என்னை எச்சரிக்க வேண்டிய குறியீடு. தங்கள் கையால் கசியவிட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே விளக்கையும், தெரிந்தோ தெரியாமலோ, 650 டாலர் வாங்கிக்கொண்டு அவர்களே அணைத்திருக்கிறார்கள். கன்வெர்ட்டர் கண்காணிப்பை அணைப்பது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தை மீறும் செயல் என்பது தனி விஷயம். இதே வண்டியுடன் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தால் இன்னொரு வம்பும் வந்திருக்கும். அங்கே 2021 ஜூலை முதல் அங்கீகாரமில்லாமல் மென்பொருள் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டாலே சோதனையில் தோற்கடித்துவிடுகிறார்கள்.

டைனோ வரைபடத்தின் மர்மம் அன்றிரவு துலங்கியது. மதுரையில் என் தந்தை தம் பஜாஜ் ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போதெல்லாம் கிலோமீட்டரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியிருக்கிறது. கடை வாசலில் பயணமானியைப் பூஜ்யமாக்கிப் படமெடுத்திருந்தேன். வண்டியை எடுத்த அன்று கடையிலிருந்து புறப்படும்போது ஒரு படம், வீட்டு வாசலில் இன்னொன்று. புறப்பட்டபோது எடுத்த படத்தில் 0.3 என்று இருந்தது. டைனோ உருளைகளின் மேல் சக்கரம் நின்ற இடத்தில் சுழன்றாலும் தண்டு சுழலும், மானி ஓடும். சூடேற்றி நாலு ஓட்டம் ஓட்டினாலே சில மைல்கள் ஏறிவிடும். பணிமனைக்குள் நுழைந்து வெளியே வந்த தூரம்தான் அந்த 0.3. டைனோவும் ஏறவில்லை, சாலையிலும் ஓட்டிப் பார்க்கவில்லை. வரைபடமும் கோப்பைப் போலவே வேறொருவருடையதாக இருக்க வேண்டும்.

என் வண்டியின் பழைய தொழிற்சாலைக் கோப்பையாவது தாருங்கள் என்று கேட்டபோது, கோப்புகள் கடையின் அறிவுச் சொத்து என்றார்கள். அவர்கள் எழுதியதற்கு அப்படிச் சொல்லலாம். வண்டியோடு வந்த கோப்பு எப்படி அவர்களுடையதாகும்? நல்லவேளையாக டீலரிடம் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய அசல் கோப்பை மீண்டும் ஏற்றித் தருகிறார்கள். 180 டாலர் ஆனது. கேஸ்கெட்டை மாற்றி, போல்ட்டுகளை முறையாக முறுக்கிய பிறகுதான் இரண்டாவது ட்யூனர் கணினியைத் தொட்டார். கசிவோடு இருக்கும் வண்டியை ட்யூன் செய்ய மாட்டேன் என்று அவர் மறுத்தபோதே இவர் வேறு ரகம் என்று புரிந்தது. டயரின் அளவிலிருந்து கணக்கிட்ட அங்குலத்தை அப்படியே கணினியில் தட்டாமல், டயர் நிறுவனம் வெளியிட்டுள்ள ‘மைலுக்கு எத்தனை சுற்று’ என்ற எண்ணைக் கேட்டு வாங்கினார். எடை ஏறும்போது டயர் நசுங்குவதால் விட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு சற்றுப் பிசகும். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் சாலையில் ஓட்டிப் பதிவெடுத்தார். அசல் கோப்பு, திருத்திய கோப்பு, ஓட்டப் பதிவு மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பிய பிறகே அட்டையைத் தேய்த்தார். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் இந்த மூன்றையும் தருவீர்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். முகம் சுளித்தால் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளில் சுயசோதனைகள் எல்லாம் முடிந்தன. சோதனையில் வண்டி தேறியது. ஐ-10 இல் இருபது பலகைக்கு இப்போது 20.0 காட்டுகிறது.

டெக்சஸின் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டப்படி வழக்குத் தொடுக்குமுன் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 20,000 டாலர் வரையிலான வழக்கை உள்ளூர் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே நடத்தலாம். கன்வெர்ட்டரைத் தொடக் கூடாது என்று எழுதிய மதிப்பீட்டுத் தாள், இரண்டு கோப்புகளின் ஒப்பீடு, 0.3 காட்டும் படம் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபாலைப் பெற்றதற்குக் கடையில் ஒருவர் கையெழுத்திட்ட பச்சை நிற ஒப்புகை அட்டை போன வாரம் என் அஞ்சல் பெட்டிக்குத் திரும்பி வந்தது. இன்னும் 51 நாட்கள் இருக்கின்றன.