பயந்த சின்ன நாய்க்கு எந்தப் பயிற்சியாளர்? சென்னையில் கிடைக்கும் நான்கு வழிகள்

முல்லை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது, ஐந்தரைக் கிலோ எடை. வெள்ளை முடியும் நரி மூஞ்சியுமாக, நம் ஊரில் எல்லாரும் 'பாமரேனியன்' என்றே கூப்பிடும் இந்தியன் ஸ்பிட்ஸ். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். தண்ணீர் கேன் போடும் தம்பி படியேறினால் நடுங்குவாள். தெருவில் ஆட்டோ வந்தால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகரவே மாட்டாள். நல்ல பயிற்சியாளராகப் பார்த்துப் பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். முதலில் தவறான ஆளைப் பிடித்தோம், அதற்கான விலையை அவள்தான் கொடுத்தாள். இதே முடிவை எடுக்கப்போகிறவர்களுக்காக, நாங்கள் பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து எழுதுகிறேன்.

நாய்ப் பயிற்சியாளராக இருக்க நம் நாட்டில் உரிமமும் வேண்டாம், கட்டாயப் படிப்பும் வேண்டாம். போர்டு மாட்டினால் போதும். அதனால் தரம் பார்ப்பது முழுக்க நம் பொறுப்பு. அதற்கும் முன்னால் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவுவதும் பல் கெடுவதும் சகஜம். உள்ளுக்குள் வலி இருக்கிற நாயும் தொட்டால் ஒதுங்கும், மூலையில் ஒளியும்.

எல்லாருக்கும் முதலில் கிடைப்பவர் தினமும் வீட்டுக்கு வரும் பயிற்சியாளர். காலையில் பைக்கில் வருவார், அரை மணி நேரம் தெருவில் நடத்துவார், ஒரு மாதத்தில் உட்கார், படு, நில் எல்லாம் வந்துவிடும் என்பார். நாய் தன் வீட்டிலேயே, தன் தெருவிலேயே கற்கிறது என்பது இதில் பெரிய வசதி. ஆனால் இவர்களில் பலர் அல்சேஷன், ராட்வைலர் போன்ற காவல் நாய்களைப் பழக்கி வந்தவர்கள். கையில் சோக் செயின், அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி, இருக்கும். முப்பது கிலோ நாய்க்கே அது நல்லதல்ல. பாமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா மாதிரியான சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துபோவது பரவலான நோய். வாத்து கத்துவதுபோல் ஒரு வறட்டு இருமல் வரும். அப்படிப்பட்ட கழுத்தில் சங்கிலியைச் சுண்டி இழுப்பதை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்காதீர்கள். மார்போடு மாட்டும் ஹார்னஸ்தான் சரி.

எங்களுக்கு வந்தவரும் சோக் செயின் வைத்திருந்தார். நான்காவது நாளே முல்லை 'சிட்' என்றதும் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட்டு வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஆறாவது நாள், அவருடைய பைக் கேட்டில் நிற்கிற சத்தம் கேட்டதுமே கூடத்தில் நின்ற இடத்தில் சிறுநீர் போய்விட்டாள். அன்று ராத்திரி அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். காது பின்னால் மடிந்திருக்கிறது. நாக்கு மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு முன்னங்கால் தூக்கியபடி, முகம் அவரைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறது, வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. அத்தனையும் பயத்தின் அடையாளம். அவள் உட்கார்ந்ததை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். மறுநாள் முதல் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

பயந்த நாய் அமைதியாகிவிட்டால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் நாய்களை வைத்துச் செய்த மின் அதிர்ச்சிச் சோதனையை உளவியல் படித்தவர்களுக்குத் தெரியும். எது செய்தாலும் அதிர்ச்சி நிற்காது என்று பழகிப்போன நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் தாண்டவில்லை. படுத்தபடி வாங்கிக்கொண்டன. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் அடங்கிய நாய் மாதிரிதான் தெரியும். அன்றிலிருந்து எந்தப் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் பார்ப்பது, பிடிக்காதபோது நாய் விலகிப் போக அதில் இடம் இருக்கிறதா என்பதைத்தான்.

இந்த அளவுகோலில் போர்டிங் பயிற்சி சுத்தமாகத் தோற்றுவிடுகிறது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கென்னலில், அதாவது நாய்கள் தங்கும் விடுதியில், விட்டுவிட்டு, பழக்கிய நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்று புரிகிறது. ஆனால் பயந்த நாய்க்குத் தெரிந்த வாசனை ஒன்றுகூட அங்கே இருக்காது. இரவெல்லாம் இருபது நாய் குரைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் அரை நிமிட வீடியோவுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. போதாததற்கு, ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்து வருவதில் நாய்கள் கெட்டி அல்ல. கென்னலில் பழகியதை நம் தெரு ஆட்டோவுக்கு முன்னால் மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டிவரும். என்னைக் கேட்டால் பயந்த நாய்க்கு இது வேண்டவே வேண்டாம்.

குழு வகுப்பு, அதாவது ஞாயிறு காலை பார்க்கில் ஏழெட்டு நாய்கள் சேர்வது, தைரியமான நாய்க்கு நல்லது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரமாவது ஆகியிருந்தால், சுத்தமான இடத்தில் நடக்கும் சிறு வகுப்பு மிக நல்லது. பழகும் பருவம் அதுதான். வளர்ந்த பிறகு பயந்திருக்கும் ஐந்து கிலோ நாயை ஏழு பெரிய நாய்களுக்கு நடுவே நிறுத்தினால் பயம்தான் கூடும்.

கடைசி வகைதான் எங்களுக்குக் கைகொடுத்தது: நாயைவிட வீட்டு மனிதர்களுக்கு அதிகம் சொல்லித்தருபவர்கள். வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் கேள்விகள்தான். எங்களுக்கு அமைந்தவர் உள்ளே வந்ததும் முல்லைக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவளைப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. வேகவைத்த கோழித் துண்டை அவளுக்குப் பின்னால் விழும்படி போட்டார். கிட்டே வரவைக்க உணவைக் காட்டுவார் என்று நான் நினைத்திருந்தேன். "விலகிப் போனாலும் சாப்பாடு கிடைக்கும்னு தெரிஞ்சாதாங்க அவளே கிட்ட வருவா" என்றார். முக்கால் மணி நேரத்தில் அவருடைய முட்டியை முகர்ந்து பார்த்தாள்.

ஆட்டோ பயத்துக்கு அவர் சொன்ன முறையும் எளிமைதான். ஆட்டோ தெரிய வேண்டும், ஆனால் அவளால் இன்னும் சாப்பிட முடிகிற தூரத்தில் நில்லுங்கள். முதலில் ஆட்டோ, பிறகு கோழி. வரிசை மாறினால் கோழியைக் கண்டாலே ஆட்டோ வரப்போகிறது என்று பயப்படத் தொடங்கிவிடும். சாப்பிட மறுத்தால் நாம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம், பின்னால் போக வேண்டும். மொட்டை மாடியில் தொடங்கி வாசல் கேட் வரை வர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு வருகைக்குக் கட்டணம் அதிகம், வருகைகள் குறைவு என்பதால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. தினமும் இரண்டு வேளை பத்து நிமிடம் நாம்தான் செய்ய வேண்டும், அதைச் செய்ய முடியாத வீட்டுக்கு இது வீண் செலவு. வீட்டில் ஒருவர் அதட்டிக்கொண்டே இருந்தாலும் பலிக்காது. அத்தைக்குப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. உங்கள் ஊரில் இப்படி ஆள் இல்லையென்றால் வீடியோ காலில் செய்பவர்கள் இருக்கிறார்கள். புது மனிதரைக் கண்டு பயப்படும் நாய்க்கு அது ஒரு வகையில் இன்னும் நல்லது, யாரும் வீட்டுக்குள் வருவதில்லையே.

நடுவில் 'பேலன்ஸ்டு' என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. பிஸ்கட்டும் கொடுப்போம், தேவைப்பட்டால் சுண்டவும் செய்வோம் என்பார்கள். போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. தண்டனையை அதிகம் கையாண்ட பள்ளி நாய்களிடம் மட்டுமல்ல, இரண்டையும் கலந்து பழக்கிய நாய்களிடமும், வெகுமதியால் மட்டும் பழகிய நாய்களைவிட இறுக்கமும் மூச்சிரைப்பும் அதிகம் இருந்தன. வியன்னாவில் நடந்து 2010இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பு, அடிக்கடி தண்டிக்கப்படும் சின்ன நாய்களிடம் பயமும் பதற்றமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. விலங்கு நடத்தையைக் கையாளும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கமும் 2021இல், எந்த நாய்க்கும் வெகுமதி முறையே போதும் என்று அறிவித்துவிட்டது. பயந்த நாய்க்கு 'கொஞ்சம் மட்டும்' தண்டனை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன நடக்கும், தப்பாகச் செய்தால் என்ன நடக்கும், பயந்தால் என்ன செய்வீர்கள்? தப்புக்கு 'ஒரு சின்னக் கரெக்‌ஷன்' என்றால் அந்தக் கரெக்‌ஷன் கையால் என்ன செய்வது என்று விவரம் கேளுங்கள். இத்தனை நாளில் சரியாகும் என்று உத்தரவாதம் தருகிறவரையும், வகுப்பின்போது நீங்கள் பார்க்க வேண்டாம், வீட்டுக்குள் இருங்கள் என்கிறவரையும் விட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராம் வீடியோக்களில் பயிற்சியாளர் பேசுவதை மியூட் செய்துவிட்டு நாயின் வாலையும் காதையும் மட்டும் பாருங்கள்.

தீபாவளிப் பட்டாசுக்காகத்தான் தேடுகிறீர்கள் என்றால் ஐப்பசியில் கூப்பிட்டால் நேரம் போதாது. ஆடியிலேயே தொடங்குங்கள். போனில் பட்டாசுச் சத்தத்தைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து, சத்தம் வந்ததும் கோழி என்று மெல்ல ஏற்றிக்கொண்டு வர அத்தனை வாரம் வேண்டும். பயம் ரொம்ப அதிகமாக இருந்தால் மருந்து உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் அதையும் பண்டிகைக்கு முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இந்த வருடம் முல்லைக்கு அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம். போனில் சத்தம் இரண்டாம் கோட்டில் இருக்கிறது, அவள் இன்னும் சாப்பிடுகிறாள்.