ரோம்ல ஒரு செமஸ்டர் கிளாசிக்ஸ் படிச்சேன், ஆறு வருஷம் கழிச்சு என் அனுபவம்

2018 செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ரோம்ல கிளாசிக்ஸ், அதாவது பண்டைய கிரேக்க ரோமானிய மொழியும் வரலாறும் படிச்சேன். திரும்பி வந்த சூட்டோட எழுதியிருந்தா ஆகா ஓகோன்னு தான் வந்திருக்கும், இப்போ ஆறு வருஷம் ஓடிப்போச்சு, நடுவுல மாஸ்டர்ஸ் முடிச்சு ஒரு ஸ்கூல்ல லத்தீன் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், அதனால எது மனசுல நின்னுச்சு எது கரைஞ்சு போச்சுன்னு இப்போ தெளிவா சொல்ல முடியும்னு தோணுது.

நான் போனது ஜானிக்குலம் மலை மேல இருக்கற சென்டர். 1965ல அமெரிக்கக் காலேஜ்கள் சில சேர்ந்து ஆரம்பிச்சது, பசங்க எல்லாரும் சென்ட்ரோன்னு தான் சொல்வாங்க. முப்பது முப்பத்தஞ்சு பேர், ஒரே கட்டடத்துல தூக்கம், சாப்பாடு, கிளாஸ் எல்லாம். மெயின் கோர்ஸ் பண்டைய நகரத்தப் பத்தினது, அது ஒண்ணுக்கே ரெண்டு கோர்ஸ் கிரெடிட். அதுக்கு மேல லத்தீன், கிரேக்கம்னு தனியா. செமஸ்டர் அப்ராட்னா நாலு நாடு சுத்திட்டு வரலாம்னு நெனைக்கறவங்களுக்கு இது சரிப்படாது, நெஜமாவே சொல்றேன். பகல் பூரா சைட்ல, அதாவது பழைய இடிபாடுகள் இருக்கற இடங்கள்ல, நடந்துட்டு வந்து ராத்திரி லத்தீன் தயார் பண்ணணும். என் லத்தீன் அப்போ ரொம்ப மெதுவு, ஒரு பக்கத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு டிக்ஷனரிய மூடி வெச்சுட்டு அழுதுட்டேன்.

ஆனா சைட்ல கிடைக்கறது வேற எங்கயும் கிடைக்காது. முதல் மாசம் முழுக்க சுவர் பாக்கத் தான் கத்துக் குடுத்தாங்க. ஒழுங்கில்லாத சின்னச் சின்னக் கல் பதிச்சிருந்தா பழசு, வலை மாதிரி சாய்சதுரமா கல் பதிச்சிருந்தா அதுக்கு அடுத்த காலம், முழுக்க செங்கல் முகப்புன்னா பெரும்பாலும் பேரரசு காலம். ஆஸ்டியாவுல, அதாவது ரோமோட பழைய துறைமுகம், ஒரு சுவருக்கு முன்னாடி நிறுத்தி எந்தக் காலம், ஏன்னு கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஒரு செங்கல் முத்திரையக் காட்டினாங்க, உள்ளங்கைல அடங்கற அளவு, வளைஞ்ச எழுத்து. பாதி தேஞ்சு போயிருந்தாலும் ரெண்டு பேரு படிக்க முடிஞ்சது, பீட்டினுஸ், அப்ரோனியானுஸ். அந்த வருஷத்துக் கான்சல்கள், அதாவது ரோம்ல உயர் பதவில இருந்த ரெண்டு பேர். அதாவது கி.பி. 123. ரோம்ல வருஷத்த நம்பர் போட்டு சொல்ல மாட்டாங்க, கான்சல் பேர வெச்சுத் தான் சொல்வாங்கன்னு புக்ல பத்து தடவ படிச்சிருப்பேன், ஆனா சூளைல ஒருத்தன் ஈரக் களிமண்ணுல அத அழுத்தியிருக்கான்னு விரல வெச்சப்போ தான் உறைச்சது. ரோம்ல இருக்கற பழைய கோயில் பாந்தியன் கதையும் இதே தான். முகப்புல அக்ரிப்பா (முதல் பேரரசர் அகஸ்டஸோட தளபதி) கட்டினதுன்னு பெருசா எழுதியிருக்கு, உள்ள இருக்கற செங்கல் முத்திரைங்க அந்தக் கட்டடம் அவருக்கு நூறு வருஷத்துக்கும் மேல பிந்தினதுன்னு சொல்லுது.

அடுத்தது சிசிலி, ஒரு வாரம். செஜஸ்டா, செலினுன்டே, அக்ரிஜென்டோ எல்லாம் அழகு தான், ஆனா என்னால மறக்கவே முடியாதது சிரக்யூஸ் கல்குவாரி. கி.மு. 413ல சிரக்யூஸ் கிட்ட தோத்துப்போன ஏதன்ஸ் படைல பிடிபட்டவங்க ஏழாயிரம் பேருக்குக் குறையாம அந்த மாதிரிக் குவாரிக் குழிகள்ல தான் அடைச்சு வெச்சாங்கன்னு அந்தக் காலத்து கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதறாரு. எட்டு மாசம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கொட்டிலே தண்ணி, ரெண்டு கொட்டிலே தானியம். கொட்டிலேன்னா கிட்டத்தட்ட கால் லிட்டர். எங்க ப்ரொஃபசர் அரை லிட்டர் பாட்டில எடுத்து பாதிய ஒரு டம்ளர்ல ஊத்தி கல் மேல வெச்சாரு, ஒண்ணும் சொல்லல. அப்புறம் துசிடிடிஸோட அந்தப் பகுதிய கிரேக்க மொழிலயே படிச்சோம், நல்ல வெயில், காலைல இருந்து நானே ரெண்டு பாட்டில் குடிச்சிருந்தேன். இன்னிக்கும் என் ஸ்டூடண்ட்ஸுக்கு அத அதே மாதிரி டம்ளர் வெச்சுத் தான் சொல்றேன்.

இன்னொண்ணும் சொல்லணும். பழைய ரோமோட பொது மைதானமான ஃபோரத்துல, மாக்சென்டியுஸ் பசிலிக்காங்கற பெரிய பொது மண்டபத்துப் பக்கத்துல நின்னப்போ, இதுக்கு அடியில முதல் நூற்றாண்டுப் பேரரசர் டொமீஷியன் காலத்து மிளகு குடோன் இருந்துச்சுன்னு சொன்னாங்க. இந்தியாவுல இருந்து வந்த மிளகு. அந்த வணிகத்தப் பத்தி ரோமானியர் சைடுல இருக்கற சான்றெல்லாம் வரிசையா பேசினாங்க. நான் கைதூக்கி, யவனர் கப்பல் பொன்னோட முசிறிக்கு வந்து மிளகோட திரும்பிப் போறத எங்க மொழில அகநானூறு 149ல பாடியிருக்காங்கன்னு சொன்னேன். ப்ரொஃபசர் அங்கயே நோட்ட எடுத்து எழுதிக்கிட்டாரு. அன்னிக்கு சாயங்காலம் அம்மாவுக்கு போன் பண்ணினப்போ பேச்சே வரல எனக்கு.

ஆறு வருஷத்துல போனது எதுன்னா இத்தாலியன் பேச்சு, அப்புறம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின கோயில் தேதிகள். நின்னது அந்தக் கண்ணு. எந்தப் பழைய சுவரப் பாத்தாலும் எங்க ஒட்டுப் போட்டிருக்கு, எங்க கதவ அடைச்சிருக்குன்னு தேட ஆரம்பிச்சிடறேன். படிப்புலயும் அதே மாற்றம் தான், ஒரு ஆசிரியர் ஒரு இடத்தப் பத்தி எழுதினா அவர் அங்க நின்னு பாத்தாரா கேள்விப்பட்டதான்னு கேக்காம அடுத்த வரிக்குப் போக முடியல.

போறவங்களுக்கு சிலது சொல்றேன். லத்தீன் இலக்கணம் தெரிஞ்சா மட்டும் பத்தாது, வேகம் வேணும், போறதுக்கு முந்தின சம்மர்ல தினம் ஒரு பக்கம் படிங்க, நான் அதச் செய்யல, அதோட வலி தான் அக்டோபர். கிரெடிட் விஷயத்த உங்க காலேஜ்ல கெளம்பறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க. என் காலேஜ்ல அந்த ரெண்டு கோர்ஸ் கிரெடிட்ட ஒண்ணா கணக்கு வெச்சுட்டாங்க, திரும்பி வந்து ஒரு செமஸ்டர் பூரா ஆஃபீஸ் ஆஃபீஸா ஏறி இறங்கினேன். நம்ம பாஸ்போர்ட்ல போறவங்க இத்தாலில இறங்கி 8 வேலை நாளுக்குள்ள தங்கறதுக்கான பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும், அத தள்ளிப் போடாதீங்க. அப்புறம் ஷூ. ரோம் தெருவுல பதிச்சிருக்கற கருங்கல்லு புது ஷூவ ஒரே மாசத்துல தேச்சிடும், ஏற்கனவே போட்டுப் பழகின நல்ல ஷூ ரெண்டு ஜோடி எடுத்துட்டுப் போங்க.