திருக்கடையூரில் மேளம் பேசிய கதை

அப்பாவின் எண்பது வயதுச் சதாபிஷேகத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து பதினைந்து நாள் லீவில் போயிருந்தோம். திருக்கடையூரில் எல்லாமே பேக்கேஜ்தான். சாஸ்திரிகள், கலசம், மாலை, சாப்பாடு, போட்டோ என்று எல்லாவற்றுக்கும் ஒரே தொகை. "மேளமும் உண்டு சார்" என்று போனில் சொன்னதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டது, "எத்தனை நாயனம்?" நாகஸ்வரத்தைத்தான் அப்படிச் சொல்வார். 1956-இல் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தபோது அப்பாவுக்குப் பதினோரு வயது. பிள்ளையின் தோடி ராகத்தை நேரில் கேட்டதாக இன்றைக்கும் சத்தியம் செய்வார். எந்தக் கோயிலில் என்பது மட்டும் தடவைக்குத் தடவை மாறும்.

விசாரித்தால், ஒரு நாயனம், ஒரு தவில். அன்று காலை அங்கே நடக்கும் மற்ற மூன்று கல்யாணங்களுக்கும் அதே இரண்டு பேர்தான். மாலை மாற்றும்போது வந்து கெட்டிமேளம் கொட்டிவிட்டு அடுத்த தம்பதியிடம் போய்விடுவார்களாம்.

மயிலாடுதுறையில் ஓர் ஏஜென்ட் இரட்டை நாயனம், இரட்டைத் தவிலுக்கு 48,000 ரூபாய் சொன்னார். யார் வாசிப்பார்கள் என்று கேட்டால், "நல்ல செட் சார்", அவ்வளவுதான். என் பேச்சிலேயே சிங்கப்பூர் தெரிந்திருக்க வேண்டும். அத்தான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "வா, நேரே போய்க் கேட்போம்" என்று பைக்கில் ஏற்றினார்.

குத்தாலம் பக்கம் ஒரு கிராமம். வித்வான் திண்ணையில் உட்கார்ந்து, நாயனத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவாவடுதுறையில் வாங்கியதாம். ஒவ்வொன்றாக வாயில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, ஆறேழைக் கழித்துப் போட்ட பிறகுதான் ஒன்று தேறியது. பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் செய்த நாயனம். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்றேன். "நாயனத்துக்குக் கிடைச்சது தம்பி" என்று சிரித்தார்.

கணக்கை அவரே பிரித்துச் சொன்னார். நாயனம் ஆளுக்கு 6,500, தவில் ஆளுக்கு 6,000, தாளமும் சுருதிப் பெட்டியும் 1,500, வேன் 2,500. ஆக 29,000. வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு தனியாகத் தட்டில் வைக்க வேண்டும். முகூர்த்த நாளாக இருந்தால் இந்தத் தொகைக்கு ஆளே கிடைத்திருக்க மாட்டார்கள். பேரம் பேச வாயெடுத்தேன், அத்தான் காலை மிதித்தார். 5,000 அட்வான்ஸ் கொடுத்தோம்.

என் தப்பு ஒன்று. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொன்னேன், எதுவரை என்று பேசவில்லை. பந்தி வரைக்கும் வாசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கலசாபிஷேகம் முடிந்ததும் நாயனத்தை உறையில் போட ஆரம்பித்துவிட்டார்கள். மாலையில் வேறு ஊரில் வாசிப்பு இருந்தது. அப்பா ஈர வேட்டியோடு எழுந்து போய், "தோடி கொஞ்சம்" என்றார். வித்வான் மறுபடி சீவாளியைச் செருகினார். இருபது நிமிடம். பக்கத்துத் தம்பதிகளின் சொந்தக்காரர்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

கிளம்பும்போது, நாங்கள் பயன்படுத்தாத அந்த ஒற்றை மேளத்தின் காசைக் கழிக்கச் சொல்லிப் பேக்கேஜ்காரரிடம் கேட்டேன். "அது பேக்கேஜ்ல இருக்கு சார், பிரிக்க முடியாது" என்றார்.